120 புது ஊர்களுக்கு முன், கொடுத்த விமானங்களை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சருக்கும், தமிழ்நாடு அரசுக்கும், சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

2025 பிப்ரவரி 1 அன்று வாசிக்கப்பட்ட பட்ஜெட்டில், சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்துக் குறைந்த விலையில் விமானம் விடும் உடான் திட்டத்தைத் திருத்தி இன்னும் 120 ஊர்களுக்கு விமானம் விடப்போவதாகவும், அடுத்த பத்து ஆண்டுகளில் 4 கோடிப் பேர் அதில் பறப்பார்கள் என்றும் அறிவித்தீர்கள். இந்த அறிவிப்பைக் கேட்டு மகிழ எங்களால் முடியவில்லை. இதே திட்டத்தில் விமானம் பெற்ற ஊர்தான் சேலம். விமானம் வந்த நாளையும் நின்ற நாளையும் மாறி மாறிப் பார்த்த ஊர்.

நான் சேலத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் நடத்துகிறேன். ரயில், ஆம்னி பஸ், விமானம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். ரயிலில் போனாலும் ஃப்ளைட்டில் போனாலும் எனக்குக் கமிஷன் வரத்தான் போகிறது. ஆகவே விமானம் வந்தால்தான் பிழைப்பு என்ற நிலையில் இருந்து இதை எழுதவில்லை. யார் எந்த ஊருக்குக் கேட்டு வருகிறார்கள், எதைக் கேட்டதும் வேண்டாம் என்று எழுந்து போகிறார்கள் என்பதைக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவன். உங்கள் கோப்புகளில் ‘தேவை இல்லை’ என்று எழுதப்படுகிற இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சேலத்தின் விமான நிலையமான காமலாபுரம் 1993-ல் திறந்தது. அப்போது என்இபிசி என்ற நிறுவனத்தின் விமானம் கொஞ்ச நாள் வந்தது, நின்றது. அப்புறம் பல ஆண்டுகள் ஓடுதளம் சும்மா கிடந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது. 2021-ல் அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வந்தபோது மாலையும் மரியாதையுமாக வரவேற்றோம். ஒவ்வொரு முறையும் தொடக்க விழா உண்டு, கொடியசைப்பு உண்டு. நிற்கும்போது மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. முன்பதிவுத் திரையில் அந்தத் தேதிக்கு மேல் ஒன்றும் வராது. அதை வைத்துத்தான் எனக்கே தெரியும்.

இது சேலத்தின் ராசி என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. 2023-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையே சொல்கிறது: உடானின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்றாண்டு மானியக் காலத்தை முழுதாக முடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை பறந்துகொண்டிருந்தவை 54. ஒதுக்கியதில் நூற்றுக்கு ஏழு. இந்த அறிக்கைக்குப் பிறகு நாங்கள் எதிர்பார்த்தது, மீதி 93 ஏன் போயின என்ற விளக்கம். கிடைத்தது 120 புது ஊர்களின் கணக்கு.

ஏன் போயின என்பதற்கு, என் மேசையில் தெரிகிற அளவில் பதில் சொல்கிறேன்.

சின்ன ஊருக்கு விமானம் விடுவது நஷ்டமான வேலை என்பது எனக்கும் தெரியும். பெரிய விமானத்தில் 180 பேர் பங்கு போட்டுக்கொள்ளும் செலவை இங்கே வரும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் 70, 78 பேர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஐம்பது நிமிடப் பயணத்துக்கும் இரண்டு விமானிகள் வேண்டும், ஏறி இறங்கும் செலவு அதேதான். மேலே ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் போகும். ஏறி முடித்ததும் இறங்க வேண்டிய தூரம்தான் எங்கள் தூரம். வாடகைக்கு எடுத்த விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. அதனால் நிறுவனம் அந்த விமானத்தை விடியற்காலையில் நன்றாக நிரம்பும் ஊருக்கு அனுப்பும். சாயங்காலமும் அப்படித்தான். நடுவில் கிடைக்கும் ஓட்டை நேரம் சேலத்துக்கு. நிறுவனத்தின் பக்கம் இருந்து பார்த்தால் இதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் அந்த நேரம்தான் எங்கள் வழித்தடத்தைக் கொல்கிறது. முற்பகலிலோ நடுப்பகலிலோ வந்து, அரை மணி நேரத்தில் திரும்பிப் போகும் விமானத்தில் யார் ஏறுவார்கள்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஆர்டர் விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். கவுன்ட்டரில் கையூன்றி நின்றுகொண்டு அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “காலையில போயி, வேலைய முடிச்சிட்டு, ராத்திரி வீடு வந்து சேர முடியுமாப்பா? அத மட்டும் சொல்லு.” முடியாதுங்க, ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்பேன். லாட்ஜ் செலவு, சாப்பாடு, மறுநாள் பட்டறை மூடல் எல்லாவற்றையும் மனதில் கூட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப ரயிலயே போடு” என்பார். ராத்திரி ஏறி, விடியலில் இறங்கி, வேலை பார்த்து, மறுபடி ராத்திரி ஏறினால் தூக்கம்தான் கெடும், நாள் கெடாது. டிக்கெட் விலையைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. இப்படி எழுந்து போகிறவர்கள் யாரும் உங்கள் புள்ளிவிவரத்தில் வருவதில்லை. விமானத்தில் காலியாகக் கிடக்கும் இருக்கை மட்டும் வருகிறது. அதைக் காட்டித்தான் ‘சேலத்தில் ஆள் இல்லை’ என்கிறார்கள்.

எந்த ஊருக்கு விமானம் என்பதிலும் இதே அக்கறையின்மைதான். பெங்களூரு இங்கிருந்து 200 கிலோமீட்டர், காரில் நாலு மணி நேரம். காரில் போகிறவர் ஓசூர் தாண்டியதும் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பார். விமானத்தில் போகிறவர் ஒரு மணி நேரம் முன்னதாகக் காமலாபுரம் போய்க் காத்திருந்து, பறந்து, ஊருக்கு அந்தக் கோடியில் தேவனஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து வர வேண்டும். நேரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. சென்னைக்கு 2023 ஏப்ரலில் இருந்து வந்தே பாரத் சேலத்தில் நின்று போகிறது. ஐதராபாத்துக்குப் போக வேண்டும் என்றால்தான் எங்களுக்குப் பாடு. ரயிலில் ஒரு முழு ராத்திரியும் அதற்கு மேலும் ஆகும். அங்கிருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் மாறிப் போகிறவர்களும் உண்டு. விமானம் உண்மையாகவே நாளை மிச்சப்படுத்துகிற ஊருக்குக் காலை மாலை விமானம் விட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் நிரம்பவில்லை என்றால் தாராளமாக நிறுத்துங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அடுத்தது விலை. திட்டம் அறிவித்தபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். விலைவாசிக்கு ஏற்ப அது கூடும் என்பது நியாயம்தான். ஆனால் அந்த விலை விமானத்தில் பாதி இருக்கைகளுக்கு மட்டும்தான், அதிலும் 40-க்கு மேல் போகாது என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் டிக்கெட் கேட்டு வருகிறவர் திரையில் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார். ‘நீங்க கமிஷன் ஏத்திட்டீங்களா?’ என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் இருக்கிறார்கள். மானிய விலை இருக்கைகள் தினமும் எத்தனை விற்றன என்று எங்காவது வெளியிட்டிருந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருப்பேன்.

எரிபொருள் வரிதான் காரணம் என்று இன்னொரு பேச்சு எப்போதும் உண்டு. ஒன்றிய அரசு மாநிலத்தைக் கை காட்டும், மாநிலம் ஒன்றியத்தைக் கை காட்டும். தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு 29 சதவீத வரி என்பது பெரிய விமானங்களின் பிரச்சினை. 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானத்தை இயக்கும் நிறுவனங்களுக்கு விற்கும் எரிபொருள் மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் தனியாக அறிவிக்கப்பட்ட பொருள். அதற்கு 5 சதவீதத்துக்கு மேல் வரி போட முடியாது. ஏடிஆர் அந்த எடைக்குள் அடங்கிவிடும். உடான் விமான நிலையத்தில் நிரப்பினால் அதைவிடவும் குறைவு, 1 சதவீதம். 80 இருக்கைக்குக் குறைந்த விமானம் என்றால் விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணமும் கிடையாது. இவ்வளவு சலுகையும் கையில் இருந்தும் வழித்தடங்கள் நிற்கின்றன. அப்படியானால் நோய் வரியில் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

நம்பிக்கை போனதுதான் நோய். இதற்கு என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனமானாலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஒரு பெண் தன் அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக வெளியூர் மருத்துவமனையில் நாள் வாங்கியிருந்தார். அப்பாவால் ரயிலில் நீண்ட நேரம் உட்கார முடியாது. அதனால்தான் விமானம். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது: செயல்பாட்டுக் காரணங்களால் விமானம் ரத்து, மாற்று விமானம் நாளை மறுநாள். அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, இன்னொரு ஃப்ளைட்டுல மாத்தித் தர மாட்டாங்களா?” என்ன சொல்வது? சேலத்தில் இன்னொரு ஃப்ளைட் கிடையாது. கடைசியில் வாடகைக் கார் பிடித்து, விடிவதற்குள் 160 கிலோமீட்டர் தள்ளி கோவைக்குப் போய், அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கிப் போனார்கள். பழைய டிக்கெட்டின் பணம் திரும்ப வந்தது. கார் வாடகையும், கோவை டிக்கெட்டின் கூடுதல் பணமும் அவர்கள் தலையில்.

விதிப்படி கடைசி நேர ரத்துக்கு இழப்பீடு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால் 5,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணம், இவற்றில் எது குறைவோ அது. மானிய விலை டிக்கெட்டில் எது குறைவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாற்று விமானம் தர வேண்டும் என்ற விதியும் நாளுக்குப் பத்து விமானம் உள்ள சென்னைக்கும் டெல்லிக்கும் எழுதியது. ஒரே விமானம் உள்ள ஊரில் அது வெறும் காகிதம்.

ஒரு நிறுவனத்திடம் விமானம் பழுதாகி ஒன்று குறைந்தால், எந்த ஊர்ப் பயணத்தை வெட்டுவார்கள்? நஷ்டமும் கூச்சலும் குறைவாக வரும் ஊரைத்தான். அது எப்போதும் எங்கள் மாதிரி ஊர்தான். இரண்டு தடவை அடிபட்ட குடும்பம் மூன்றாம் தடவை கோவைக்கே டிக்கெட் போடச் சொல்கிறது. எப்போது திறக்கும் என்று தெரியாத கடைக்கு வாடிக்கைக்காரர் எத்தனை நாள் நடப்பார்?

இதில் இன்னொரு தரப்புக்கும் பங்கு இருக்கிறது. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி விவசாயிகள். ஓடுதளத்தை 6,000 அடியிலிருந்து 8,000 அடியாக நீட்டினால் பெரிய விமானம் வரும் என்று சொல்லி, அவர்களிடம் 570 ஏக்கர் கேட்டீர்கள். 2018-ல் இருந்து அந்த மக்கள் அந்தக் கவலையோடுதான் வாழ்கிறார்கள். என் கடைக்கு வரும் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டார்: “இருக்கற ஓடுதளத்துல ஒரு ஃப்ளைட்ட ஒழுங்கா விட முடியல, எங்க காட்ட எடுத்து என்னத்த விடப்போறாங்க?” என்னிடம் பதில் இல்லை. ஏடிஆர் ஏறி இறங்க இப்போதுள்ள ஓடுதளமே தாராளம். அதை முழுதாகப் பயன்படுத்திக் காட்டாமல், தென்னையும் கிணறுமாக இருக்கிற நிலத்தைக் கேட்பது அநியாயம். விமான நிலையம் வேண்டும் என்கிற நானே இதைச் சொல்கிறேன்.

மூன்றாண்டு மானியம் என்பதன் கணக்கையும் யோசித்துப் பாருங்கள். எந்த நிறுவனம் குறைவான மானியம் கேட்கிறதோ அதற்கு வழித்தடம். மூன்று ஆண்டு முடிந்ததும் ஒரே நாளில் மானியம் பூஜ்ஜியம். முதல் ஆண்டு ஊருக்கு விமானம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டு பழக ஆரம்பிப்பார்கள். மூன்றாம் ஆண்டு நிறுவனம் தன் விமானத்தை எந்த ஊருக்கு மாற்றலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிடும். அடுத்த சுற்றில் இன்னொரு ஊருக்குப் புது மானியம் தயாராக இருக்கும்போது அது ஏன் இங்கேயே இருக்க வேண்டும்? புது ஊர்களின் எண்ணிக்கையை வைத்து நீங்கள் வெற்றியை அளக்கும்வரை, பழைய ஊரைக் கைவிடுவதுதான் லாபம் என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

இந்த மானியம் கஜானாவில் இருந்து வரும் தருமமும் இல்லை. பெரிய வழித்தடங்களில் புறப்படும் ஒவ்வொரு விமானத்தின் மீதும் விதிக்கும் தீர்வையில் இருந்துதான் பெரும் பகுதி வருகிறது. அதை நிறுவனங்கள் டிக்கெட்டில்தான் வாங்குகின்றன. மீதி 20 சதவீதம் தமிழ்நாடு அரசின் பங்கு. சென்னையில் இருந்து டெல்லிக்குப் போகிறவரும், வரி கட்டும் நாங்களும் கொடுக்கும் பணம். அது எந்த ஊருக்கு எவ்வளவு போனது, எத்தனை நாள் விமானம் பறந்தது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

உலகத்தில் சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடுவது நாம் மட்டும் அல்ல. நார்வேயில் மலையும் கடலும் பிரித்துப் போட்ட ஊர்களுக்கு அரசே ஒப்பந்தப்புள்ளி கோரி விமானம் விடுகிறது. எத்தனை விமானம், எத்தனை இருக்கை என்பதோடு, வார நாளில் பெரிய ஊருக்குப் போய் அன்றே திரும்ப முடிய வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்போது மறுபடி ஏலம் விடுகிறார்கள். அமெரிக்காவில் 1978-ல் தொடங்கிய இதே மாதிரியான மானியம் இன்றும் நடக்கிறது. இவ்வளவு ஆண்டுக்குப் பிறகும் அந்த ஊர்கள் தானாகவே லாபத்துக்கு வந்துவிடவில்லை. நம் ஊர்கள் மட்டும் மூன்றே ஆண்டில் வந்துவிட வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

ஒன்றிய அமைச்சகத்திடம் நான் கேட்பது இவை. திருத்திய உடான் திட்டத்தின் ஏல ஆவணத்தில் நேரத்தை நிபந்தனையாக எழுதுங்கள்: திங்கள் முதல் வெள்ளி வரையாவது காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும்படி விமானம் இருக்க வேண்டும். பெங்களூரு, சென்னை, ஐதராபாத் போன்ற நெருக்கடியான நிலையங்களில் அதற்கான தரையிறங்கும் நேரத்தை அந்த வழித்தடங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்; அது இல்லாமல் நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மானியத்தை மூன்றாம் ஆண்டின் கடைசி நாளில் வெட்டாமல், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் படிப்படியாகக் குறையுங்கள். நிறுவனம் விலகுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னதாகப் பொது அறிவிப்புத் தர வேண்டும், அந்த ஆறு மாதத்துக்குள் நீங்கள் மறுஏலம் விட வேண்டும்.

ஒரே விமானம் உள்ள ஊரில் பயணம் ரத்தானால், அருகிலுள்ள நிலையத்துக்குக் காரிலோ பஸ்ஸிலோ கொண்டுபோய், அங்கிருந்து வேறு விமானத்தில் அனுப்பும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று விதியைத் திருத்துங்கள். வேறு நிறுவனத்தின் விமானம் என்றாலும் அந்தச் செலவு அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் மாதாமாதம் அட்டவணையில் இருந்தவை எத்தனை, பறந்தவை எத்தனை, மானிய விலையில் விற்ற இருக்கை எத்தனை, கொடுத்த மானியம் எவ்வளவு என்று வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள்.

தமிழ்நாடு அரசிடம்: சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இருந்து காமலாபுரத்துக்கு விமான நேரத்தை ஒட்டி ஒரு பஸ் விடுங்கள். டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில் விமான டிக்கெட்டின் மலிவு பாதி போய்விடுகிறது. நீங்கள் கொடுக்கும் 20 சதவீதப் பங்கை, மேலே சொன்ன நேர நிபந்தனையை ஒன்றிய அரசு ஏற்றால்தான் தருவோம் என்று பேசுங்கள். பணம் கொடுப்பவருக்கு அந்த இடம் உண்டு. இருக்கும் ஓடுதளத்தில் காலை மாலை ஏடிஆர் விமானங்கள் ஓராண்டாவது தொடர்ந்து நிரம்பி ஓடும்வரை, 570 ஏக்கர் நிலமெடுப்பை நிறுத்தி வைப்பதாக அந்த நான்கு கிராமங்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

இரு அரசுகளிடமும் கடைசியாக ஒன்று. 120 ஊர்களின் பட்டியலை வெளியிடும் அன்றே, ஏற்கெனவே விமானம் பெற்ற ஊர்களின் பட்டியலையும் வெளியிடுங்கள். சேலத்துக்கு ஒதுக்கிய ஒவ்வொரு வழித்தடத்துக்கும் மானியம் முடியும் தேதி எது, அதற்கு மறுநாள் முதல் என்ன ஏற்பாடு என்பதற்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சேலத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒருவன்